போலந்துக்காரர், த/பெ முனுசாமி

பாஸ்போர்ட் கைக்கு வருமுன் வேலையை விடக்கூடாது என்பது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை (சொன்னார்கள். அப்பா தினமும் சொன்னார்).

என் தாத்தா போலந்துக்காரர். மலையைப் பார்க்கத் திருவண்ணாமலைக்கு வந்தவர், பாட்டியைப் பார்த்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். தாத்தா போலந்துக் குடிமகன் என்று நிரூபித்தால் பேரனும் குடிமகன்தான் என்று வார்சாவிலிருந்து ஒரு பெண் வழக்கறிஞர் எழுதியிருந்தார். அங்கே எனக்கு ஒரு வேலை காத்திருந்தது. விசாதான் ஒவ்வொரு முறையும் கையை விரித்தது. இதுதான் கடைசி வழி. உடனே நான் வேலை பார்த்த வேங்கிக்கால் கம்பெனியில் ராஜினாமா கொடுத்துவிட்டு, குளிருக்கு ஒரு கோட்டும் வாங்கினேன். அக்னி நட்சத்திரத்தில் அதைப் போட்டுப் பார்த்த முட்டாள் நான் ஒருவன்தான்.

சிக்கல் தாத்தாவின் கல்யாணப் பதிவில் இருந்தது. பெண் வீட்டார் அன்றைக்கு, "மாப்ள எந்த வகையறா?" என்று கேட்டிருக்கிறார்கள். போலந்து வகையறாவுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மலையடியில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்தில் முனுசாமி என்ற விவசாயி, "நம்ம புள்ளைன்னு வெச்சுக்குங்க" என்று சொல்லி, அண்ணாமலை என்று பெயரும் வைத்து, தகப்பன் இடத்தில் நின்று கட்டி வைத்துவிட்டார். பதிவிலும் அப்படியே ஏறிவிட்டது: அண்ணாமலை, த/பெ முனுசாமி.

பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் வெள்ளைக்காரரும் இந்த அண்ணாமலையும் ஒருவரே என்று, அவரோடு பழகிய ஒருவர் சொன்னால் போதும் என்றார் வழக்கறிஞர். முனுசாமியின் பேரன் உயிரோடு இருந்தார். எனக்குப் பெரியப்பா முறை. கூட்டிவந்து வீடியோ கால் முன்னால் உட்கார வைத்தேன். அந்தப் பக்கம் வழக்கறிஞரோடு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். (அந்த மனிதர் இல்லாவிட்டால் நானே மொழிபெயர்த்துச் சமாளித்திருப்பேன்.)

"ஐயா, இந்தப் போட்டோல இருக்கறவர் யாருங்க?" என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

"எங்க சித்தப்பா."

"எந்த நாட்டுக்காரர்?"

"அடி அண்ணாமலைங்க."

நான் அவர் தொடையைக் கிள்ளினேன். "பெரியப்பா, போலந்துன்னு சொல்லுங்க."

"இர்றா. எங்க தாத்தா சபையில புள்ளைன்னு சொன்னவர நான் வெளியாளுன்னு சொல்லவா?" என்றவர், திரையைப் பார்த்துக் கைகூப்பினார். "நல்லா எழுதிக்கம்மா. அவரு எங்க ரத்தம்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். வழக்கறிஞர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். முறை, வகையறா, பங்காளி என்று நான் எவ்வளவோ விளக்கினேன். "உங்கள் சாட்சியே மறுக்கிறாரே" என்பதோடு முடித்துக்கொண்டார். அங்கே காத்திருந்த வேலையும் போயிற்று, இங்கே இருந்த வேலையும் போயிற்று. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பெரியப்பாவைத் திட்டவும் முடியவில்லை. கிளம்பும்போது, "பாத்தியா, உனக்காக எவ்ளோ அடிச்சு சொன்னேன்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

போன வருடம் பெரியப்பா காலமானார். பங்காளி என்பதால் நானும் மொட்டையடித்துக்கொண்டேன். காரியம் முடிந்து வேட்டியோடு செங்கம் சாலையில் நின்றிருந்தபோது, என் மொட்டையையும் தாத்தா வழியில் வந்த சாம்பல் நிறக் கண்ணையும் பார்த்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. "சார், ஆஸ்ரம்?" என்று வெள்ளைக்காரர்களுக்கான ரேட்டைச் சொன்னார் டிரைவர். "இன்னாங்க, இவ்ளோ ஜாஸ்தி சொல்றீங்க?" என்றேன்.

"அட, தமிழ் நல்லா பேசறீங்களே சார். எந்த நாடு?"

என் மனுவை விசாரிக்காமலே ஏற்றுக்கொண்ட ஒரே அதிகாரி அந்த ஆட்டோக்காரர்தான் என்று, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.