வேட்டைக்காரிக்குக் கண் தெரியவில்லை

"ஏம்மா, பொம்பளப் பிள்ளை எழுதினா நாலு அழுகை வரும், ஒரு தாலாட்டு வரும். வேற்றுக்கிரகத்து வேட்டைக்காரி எல்லாம் உனக்கு எங்கேருந்து வருவா?"

வடநாட்டில் இருக்கும் எங்கள் ரயில்வே காலனித் தமிழ் மன்றத்தின் செயலாளர், என் நாடகத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டார். நான் அப்போது பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் (அப்பாவும் நுழைந்திருக்கிறார், ஜன்னல் கம்பிக்கு வெல்டிங் வைக்க). அந்தத் திமிரில், "வருவா சார்" என்றேன்.

பொங்கல் விழாவில் அரை மணி நேரம் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை. நாடகம் சொதப்பினால் அடுத்த வருடத்திலிருந்து பெண்களுக்குப் பழையபடி கும்மி மட்டும்தான்.

என் வேட்டைக்காரியின் பெயர் வல்லூரி. நட்சத்திரங்களைத் தாண்டித் தனியாக வருபவள். கூட்டாளி கிடையாது, கருணை கிடையாது, வசனமும் அதிகம் கிடையாது (அந்த வேஷம் எனக்கு, மனப்பாடம் வராது). மந்திர ஈட்டியைக் கழுத்தில் வைத்து, "உன் கடைசி ஆசை என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் கொல்லுவாள். பூமியில் அவளுக்கு வாய்த்த இரை, என் தங்கை கலா.

பயங்கரமான முகம் ஒன்று வேண்டியிருந்தது. பட்டறையில் வெல்டரான அப்பா, தன் பழைய வெல்டிங் முகமூடியைக் கொடுத்தார். வெள்ளி பெயிண்ட் அடித்து, அட்டையில் கொம்பு வைத்து, நழுவாமலிருக்கக் கோணிச் சட்டையோடு சேர்த்துச் சணலால் தைத்தும்விட்டேன்.

"ஒரு தபா போட்டுக்கினு நடந்து பாரும்மா" என்றார் அப்பா.

"ஒளியப் பத்தி ஒரு புஸ்தகமே படிச்சிருக்கேன்பா" என்றேன். புத்தகத்தை எதிர்த்து அப்பா என்றைக்கும் பேசியதில்லை.

விழா அன்று முகமூடிக்குள் கும்மிருட்டு. மேடை விளக்கு பட்டால் சரியாகிவிடும் என்று அறிவியல் பூர்வமாக நம்பினேன். திரை விலகியது. விளக்குகள் நான்கு மங்கலான பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன. மற்றபடி பிரபஞ்சம் காலி. வெல்டிங் பொறியைப் பார்ப்பதற்கென்றே செய்த கண்ணாடிக்கு மேடை விளக்கெல்லாம் எம்மாத்திரம்?

முகமூடியைக் கழற்ற முடியவில்லை. தையல் அவ்வளவு நேர்த்தி. ஈட்டியை நீட்டிக்கொண்டு இரையைத் தேடினேன். முதலில் ஒரு தூணை மிரட்டினேன். கூடத்தில் பாதிப் பேர் பட்டறைக்காரர்கள். அவர்களுக்கு விஷயம் புரிந்து சிரிப்பு கிளம்பிவிட்டது. என்னைக் கண்டு பதுங்க வேண்டிய கலா, பதற்றத்தில் தமிழ் வசனத்தை விட்டுவிட்டு, "அக்கா, இதர் ஆவ், மை இதர் ஹூம்" என்று, இங்கே வா, நான் இங்கேதான் இருக்கேன் என்பதை இந்தியில் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். வேட்டைக்காரிக்கு வழிகாட்டிய ஒரே இரை, எனக்குத் தெரிந்து, அவள்தான்.

குரலை நோக்கித்தான் போனேன். ஆனால் அவளும் என்னைப் பிடிப்பதற்காக ஓடிக்கொண்டிருந்தாள். கால் படியில் இறங்கியதை மேடையின் மேடுபள்ளம் என்று நினைத்தேன். கடைசியில் கைக்கு ஒரு தோள் அகப்பட்டது. ஈட்டியை வைத்து, அடிவயிற்றிலிருந்து கேட்டேன்.

"உன் கடைசி ஆசை என்ன?"

"இந்தக் காப்பியைக் குடிச்சுக்கறேம்மா" என்றது செயலாளரின் குரல்.

கூடம் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. அப்போது யாரோ என் முகத்துக்கு நேரே ஒரு விரலால் எதையோ தட்டினார்கள். கறுப்புக் கண்ணாடி கதவு மாதிரி மேலே தூக்கிக்கொண்டது. வெளிச்சத்தில் அப்பா நின்றார்.

"இத்தத் தூக்கினா தெரியும்மா" என்றார், மெதுவாக.

நான் படித்த இயற்பியலில் அந்தக் கீல் எந்தப் பாடத்திலும் இல்லை. நான் மேடைக்குத் திரும்பி, கலாவை முறைப்படி கொன்று, நாடகத்தை முடித்தேன். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. ஆனால் செயலாளரின் வேட்டியில் காப்பிக் கறையும் பலமாக இருந்தது. அடுத்த இரண்டு வருடமும் கும்மிதான்.

வீட்டில் இன்றைக்கும் யாராவது காப்பித் தம்ளரை எடுத்தால், எதிரில் இருப்பவர் கடைசி ஆசையை விசாரிக்காமல் விடுவதில்லை. அம்மாகூடக் கேட்கிறாள்.

இந்த வருடம் மன்றத் தேர்தல். செயலாளர் பதவிக்கு என் பெயரை அப்பா முன்மொழிந்திருக்கிறார். நேற்று மாலை விண்ணப்பத்தை நானே கொண்டுபோய் நீட்டினேன். செயலாளர் எந்தப் பதவி என்று படித்துப் பார்த்தார். பிறகு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், மேஜையிலிருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.