நிரம்பி வழிந்த சவுனா

"நூத்தி இருபது சோதனையும் பச்சை ஆச்சுன்னா நீ லீவுல கிளம்பலாம் ஒஸ்மோ. இல்லேன்னா யுஹானுஸ் கோடைப் பண்டிகை உனக்கு இங்கேயேதான்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வருஷம் பச்சை ஆகலையே!"

காலையில் முதலாளி மார்கெத்தாவுடன் நடந்த இந்தப் பேச்சு மதியம் வரை ஒஸ்மோவின் காதை விட்டுப் போகவில்லை. குவோபியோ ஊரே ஏரிக்கரைக் குடில்களுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவன் மட்டும் திரையில், தோற்ற சோதனையைக் காட்டும் ஒரே ஒரு சிவப்புக் கோட்டை முறைத்துக்கொண்டிருந்தான்.

குடியிருப்புகளின் இணையதளத்தில் பொருத்துகிற சவுனா (நீராவிக் குளியலறை) முன்பதிவு ப்ளகின் என்ற துணை நிரல் அவன் கைவண்ணம். அதைச் சோதிக்க ஒரு ரோபோ நிரல். ஆள் போல நடித்து, சவுனாவைப் பதிவு செய்து, பிறகு ரத்து செய்யும். இன்று அது, "வெள்ளி மாலை ஏழு மணி: இடமில்லை" என்று அடம்பிடித்தது.

பழைய பதிவை அழித்தான். மூன்று சிவப்பு. ரோபோவின் கடிகாரத்தைத் திருத்தினான். நாற்பத்தொன்று. எரிச்சலில் ரோபோவை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டான். நூற்றிருபதும் சிவந்தன.

மனைவி சைலா போனில் வந்தாள். "இன்னும் எவ்வளவு நேரம்? வாங்கின உருளைக்கிழங்கு காருக்குள்ளேயே முளைவிட்டுடும் போல இருக்கு."

"அஞ்சே நிமிஷம்மா."

"இதைத்தான் பதினோரு மணிக்கும் சொன்னீங்க."

பின்னால் மார்கெத்தா வந்து நின்றார். "காலையில ஒண்ணுதானே சிவப்பு?"

"ஆமா."

"நீ கை வச்சப்புறம்?"

"நூத்தி இருபது."

"நல்ல கைராசி!"

அப்போதுதான் ஒஸ்மோவின் கண்ணில் ரோபோ நிரலின் அந்த வரி பட்டது. சோதனைத் தளத்தின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு நிஜக் குடியிருப்பின் முகவரி. இரண்டு வருஷத்துக்கு முன் அவனே எழுதியது. ரோபோ அங்கே பதிவு செய்திருக்கிறது; ரத்து செய்ய அதற்கு அனுமதி இல்லை. ஒரு மணி நேரம்கூட விடாமல், இரண்டு வருஷமாக!

மார்கெத்தா நாற்காலியில் சரிந்தார். "எப்பவும் ஹவுஸ்ஃபுல்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சேனேடா! நாப்பத்தாறு குடும்பம் சவுனா இல்லாமலா கிடக்கு? போய்க் கால்ல விழு. அவங்க மன்னிச்சாத்தான் உனக்கு லீவு."

குடியிருப்பின் பராமரிப்பாளர் ரவுத்தியோ, வாசலில் பண்டிகைக்காகப் பிர்ச் மரக் கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒஸ்மோ மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தான். "ரெண்டு வருஷமா யாருக்குமே இடம் கிடைச்சிருக்காது. மன்னிச்சிடுங்க."

ரவுத்தியோ கிளைகளைக் கீழே வைத்தார். பிறகு அவனை நிலத்தடித் தளத்துக்கு அழைத்துப் போனார். சவுனாவுக்குள் சிரிப்புச் சத்தம். கதவில் ஒரு காகிதம். நூலில் தொங்கும் பென்சில். வாரம் முழுவதும் பெயர்கள்.

"நாங்க எப்பவுமே இதுலதான் எழுதுறோம்."

"அப்போ எங்க ப்ளகின்?"

ரவுத்தியோவின் காதுமடல் சிவந்தது. தன் காலணியையே பார்த்தபடி சொன்னார்:

"பாவம், பாடுபட்டுச் செஞ்சிருக்கீங்க, மனசு நோகுமேன்னு எட்டுக் கூட்டம் போட்டும் ஒருத்தருக்கும் சொல்ல வாய் வரல… நீங்களே வந்துட்டீங்க, கேட்டுடறேன் தம்பி. அதை எங்க தளத்துலேருந்து எடுத்துடறீங்களா?"