ஏழு கேள்வி ஜாகா

கெடா மாநிலத்தில் எத்தனையோ பிடிவாதக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் கடவுளே நேரில் வந்து இணைய லைன் வரவில்லை என்று நின்றாலும், "மொதல்ல பிளக்கப் பாத்தீங்களா சாமி?" என்று கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான். அவர் நான் முன்பு வேலை பார்த்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஜாகா. கேட்டைத் திறந்து மூடும் காவலாளி என்றுதான் அவருடைய வேலைப் பத்திரம் சொல்லும். அவர் பெயரும் அதில் இருந்திருக்கும், யாரும் பார்த்ததில்லை. ஆசிரியைகளுக்கு அவர் ஜாகா அண்ணன். பிள்ளைகளுக்கு ஏழு கேள்வி ஜாகா.

பள்ளி குருண் பட்டணத்தைத் தாண்டி செம்பனைக் காட்டுக்குள் இருந்தது. கைப்பேசிக்கு சிக்னல் வேண்டுமென்றால் கேண்டீனுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய் நிற்க வேண்டும். அங்கேயும் ஒரு கோடுதான் வரும். கணினி அறையில் எட்டு கணினிகள், எல்லாம் ஏதோ ஒரு கம்பெனி வேண்டாமென்று கொடுத்தவை. ஊரெல்லாம் பயன்படுத்தும் பெரிய பிரவுசரை அதில் திறந்துவிட்டுப் போய் ஒரு தே தாரேக், அந்த நுரை பொங்க ஆற்றிய டீ, குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஜாகா அண்ணன் எங்கிருந்தோ ஒரு குட்டி பிரவுசரைக் கண்டுபிடித்து எட்டிலும் போட்டார். எலும்பும் தோலுமாக இருக்கும் அது. அலங்காரம் கிடையாது, நான்கு பொத்தான்தான். அதன் நகல் ஒன்றை பென்டிரைவில் போட்டு கேட் சாவிக்கொத்தோடு இடுப்பில் தொங்கவிட்டிருந்தார். "பாக்கத்தான் டீச்சர் நோஞ்சான், வேலைக்கு நிக்கும்" என்பார். பெண் பார்க்க வந்தவர்களிடம் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கும்.

அந்த நோஞ்சானிடம் ஒரு குறை. பக்கம் வரவில்லையென்றால் "இணைக்க முடியவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லாது. பிறகு ஜாகா அண்ணனைத்தான் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டால் உடனே வந்துவிடுவார். ஆனால் கணினியைத் தொட மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏழு கேள்வி கேட்பார். பிளக்கில் ஆரம்பிப்பார், ஒயருக்குப் போவார், இணையப் பெட்டியில் எத்தனை விளக்கு எரிகிறது, பக்கத்துக் கணினியில் வருகிறதா, கணினியில் தேதி சரியா, முகவரியைச் சரியாக அடித்தீர்களா என்று வரிசையாக வருவார். மூன்றாவது கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். ஆட்குறைப்பில் வேலை போய் வீட்டுக்கு வருவதற்கு முன் பதினாறு வருஷம் சுங்கை பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றிச் சரியாகிவிட்டால் எது சரி செய்தது என்று தெரியாமல் போய்விடும் என்பது அங்கே படித்த பாடம். அதை அவர் குழம்பு வைக்கும்போதும் கடைப்பிடிப்பதாக அவர் மனைவியே சொல்லி அழுதிருக்கிறார்.

ஏழாவது கேள்விதான் பயங்கரம். "கடைசியா யாரு, என்னத்த மாத்துனது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். அந்தக் குரலைக் கேட்டு நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, தோழியின் செருப்பை ஒளித்து வைத்ததை ஒத்துக்கொண்டு அழுதாள். செருப்பைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

ஒரு தடவை பள்ளியைப் பார்வையிட அதிகாரி ஒருவர் வந்திருந்தார். கணினி அறையில் லைன் போய்விட்டது. அதிகாரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சர்வர், செர்வீஸ் என்று என்னென்னவோ சொன்னார். ஜாகா அண்ணன் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு அவரிடமும் பிளக் கேள்வியைக் கேட்டார். தலைமையாசிரியைக்கு வேர்த்துவிட்டது. கேள்வி இரண்டுக்கு வந்தபோது ஒயர் அதிகாரியின் சப்பாத்துக்கு அடியில் கிடந்தது தெரிந்தது. அதிகாரி காலை எடுத்தார், லைன் வந்தது. பார்வையிடல் அறிக்கையில் பள்ளியின் துப்புரவைப் பாராட்டி எழுதியிருந்தார்கள்.

இன்னொரு தடவை ஒரே ஒரு கணினியில் மட்டும் பாதிப் பக்கங்கள் திறக்கவில்லை. ஐந்தாவது கேள்வியில் அது அகப்பட்டது. உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போய், கணினியின் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. அதற்கும் லைனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"ஒவ்வொரு பக்கமும் உள்ள வர்றதுக்கு முன்னாடி ஐசி, நம்ம அடையாள கார்டு மாதிரி, காட்டும் டீச்சர். இந்தப் பொட்டி பழைய வருஷத்துலயே ஒக்காந்திருக்கு. இன்னும் பொறக்காதவன் ஐசிய நீட்டுனா யாரு உள்ள விடுவா?"

இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மறுநாளிலிருந்து கேட்டைத் திறந்ததும் எட்டு கணினிக்கும் தேதி பார்த்துவிட்டுத்தான் மணி அடிப்பார்.

இனி என் கதை. என் வீடு பாக்கார் ஆராங்கில். தினமும் நாற்பது நிமிஷம் காடி, அதாவது கார், ஓட்டிப் போய் நாற்பது நிமிஷம் திரும்ப வேண்டும். அந்த வருஷம் என் மகள் முதலாம் ஆண்டு சேர்ந்திருந்தாள். அவளுடைய பள்ளி ஒன்றரைக்கு விடும், நான் போய்ச் சேர மூன்று ஆகும். அதுவரை அவள் தன் பள்ளி ஜாகாவின் பொண்டோக்கில், அந்தச் சின்னக் காவல் கூண்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் தூங்கி விழுந்து நெற்றியில் வீக்கத்தோடு இருந்தாள். அன்றே வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றல் கேட்பது என்று முடிவு செய்தேன்.

மாற்றல் மனுவை பிரவுசர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். பத்திரங்களையெல்லாம் பள்ளிக் கணினியில் ஏற்றி, தலைமையாசிரியையின் ஒப்புதலும் வாங்கி, "அனுப்பு" என்ற பொத்தான் மட்டும் பாக்கி வைத்திருந்தேன். கடைசி நாள், மாலை ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். தம்பியை அனுப்பி மகளை அழைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாடக் குறிப்பெல்லாம் முடித்து, மூன்றரைக்குப் போய் உட்கார்ந்தேன். வெளியே இடி இடித்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. நோஞ்சான் எழுதினான்: இணைக்க முடியவில்லை.

பள்ளியில் நானும் ஜாகா அண்ணனும்தான். வந்தார், கையைப் பின்னால் கட்டினார், பிளக் என்று ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டேன்.

"அண்ணே, நேரம் இல்ல லா. நேரா கடைசிக் கேள்விக்குப் போங்க."

"நேரம் இல்லாதப்பதான் டீச்சர் வரிசையாப் போகணும்."

வரிசையாகவே போனார். பிளக் சரி, ஒயர் சரி, விளக்கு நான்கும் எரிந்தது. மற்ற ஏழு கணினிகளிலும் அதே வரி. கறுப்புத் திரையைத் திறந்து எதையோ தட்டிப் பார்த்தார், வெளியுலகத்திலிருந்து பதில் வந்தது. அப்படியென்றால் லைன் உயிரோடுதான் இருக்கிறது, பிரவுசருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்றார். தேதி சரி. முகவரி சரி. நான்கு இருபது. நான் மழையோடு மழையாக அழுதுவிடுகிற நிலையில் இருந்தேன்.

ஏழாவது கேள்வி வந்தது. கடைசியாக யார், என்னத்தை மாற்றியது? நான் எதையும் மாற்றவில்லை என்றேன். அவர் முகம் மெல்ல மாறியது. பிறகு கையில் தொப்பியோடு மழைக்குள் ஓடினார்.

நடந்தது இதுதான். போன வாரம் அவர் தன் பொண்டோக்கில் ஒரு உடைசல் கணினியை வைத்து, எட்டு பிரவுசரும் அதன் வழியாகவே வெளியே போகும்படி மாற்றியிருந்தார். ஒரு தடவை வந்த பக்கத்தை அது பத்திரப்படுத்திக்கொள்ளும், லைன் மிச்சமாகும் என்பது கணக்கு. பள்ளியை விட்டுப் போகிற எதுவும் கேட்டைத் தாண்டித்தானே போக வேண்டும், பக்கங்களும் அப்படியே போகட்டும் என்று நினைத்திருப்பார். இன்று இடி இடித்ததும், தோட்டத்தில் எல்லாரும் செய்வதைப்போல, பொண்டோக்கில் இருந்த பிளக்கையெல்லாம் பிடுங்கிப் போட்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் பிளக் கேள்வி கேட்டவர் தன் பிளக்கைக் கேட்கவில்லை.

நான்கு நாற்பத்தாறுக்குப் பக்கம் வந்தது. பொத்தானை அழுத்தினேன். "பெறப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வந்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவர் வாசலில் சொட்டச் சொட்ட நின்றார்.

"மொதல் கேள்வி டீச்சர். எனக்கு நானே கேக்கல. மன்னிச்சிருங்க."

பிரவுசரிலேயே அந்த வழியை எடுத்துவிட்டிருந்தால் நனைந்திருக்க வேண்டாமே என்றேன். தப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் சரி செய்ய வேண்டுமாம். அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் போகக்கூடாது என்றுதான் பிளக்கைப் பிடுங்கினாரோ என்று வம்புக்கு இழுத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்படி நெனச்சிருந்தா காலையில கேட்டையே தொறந்திருக்க மாட்டேன் டீச்சர். ஒங்க பாப்பா எத்தன நாளைக்கு பொண்டோக்ல ஒக்காரும்? நான் ஒரு ஜாகா. அந்த நாக்காலி எவ்வளவு கடினம்னு எனக்குத் தெரியும்."

மாற்றல் கிடைத்தது. இப்போது வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி, பத்து நிமிஷ நடை. மகளும் நானும் சேர்ந்தே வீடு திரும்புகிறோம். இங்கே லைன் காற்றாகப் பறக்கிறது, ஒரு நாள்கூட அறுந்ததில்லை. நான் விடைபெறும்போது அவர் கொடுத்த பென்டிரைவ் மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கிறது.

போன வாரம் ஓய்வு நேரத்தில் என்னவோ தோன்றியது. வீடியோ காலில் ஜாகா அண்ணனைக் கூப்பிட்டு, இங்கே லைன் வரவில்லை, கொஞ்சம் பாருங்கள் என்றேன். பள்ளி லைனில் அவர் முகம் வந்தது, தொப்பியைச் சரி செய்துகொண்டார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார்.

"டீச்சர், ஒங்க முதுகுக்குப் பின்னாடி பிரவுசர் தொறந்திருக்கு. பக்கம் முழுசா வந்திருக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார் போலிருக்கிறது, கைப்பேசி எதன்மேலோ சாய்ந்து நின்றது.

"பரவால்ல. மொதல்ல பிளக்கப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் அண்ணே" என்றேன். ஏழுக்கும் பதில் சொன்னேன், ஒன்றைக்கூடத் தாண்டவில்லை.