எலிக்கு ஒன்பது நிபந்தனை

விண்ணப்பத்தின் ஆறாவது கேள்வியில் அன்புச்செல்வன் கொஞ்சம் நின்றான்.

'எலிகள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்க நேரும்?'

'நேராது. என் மனைவி வீட்டைவிட்டு எங்கும் போவதில்லை' என்று எழுதி, அந்த வாக்கியத்தின் கம்பீரத்தை ஒரு தரம் ரசித்துவிட்டு அனுப்பினான்.

அரை மணியில் போன் வந்தது. மேலப்புதூரிலிருந்து சுஜா. கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துபவள். வீட்டில் ஆசைக்கு எலி வளர்ப்பவள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் குட்டி போட விடுவாள். கடைக்குக் கொடுக்க மாட்டாள். கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று பேர்.

"சார், ஒரு எலி போதும்னு போட்டிருக்கீங்க. ஒத்தையா தர மாட்டேன். தனியா இருந்தா ஏங்கிப் போயிடும். அக்கா தங்கச்சியா ரெண்டு எடுத்துக்கணும்."

"அதான் துணைக்கு என் வொய்ஃப் இருக்காளே மேடம்."

"மனுஷங்க பேசுறது அதுக்குப் புரியாதுங்க."

"அவ பேசுறது எனக்கே புரியாது மேடம்" என்று அன்புச்செல்வன் சிரித்தான்.

"ஞாயித்துக்கிழமை வீட்டைப் பாக்க வரேன்" என்று மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

எலி அவனுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. மனைவி பிரேமலதாவுக்குச் சமயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. பள்ளி திறக்கும் திங்கட்கிழமை சேர வேண்டும்.

"வீட்ல உனக்கு என்ன குறை?" என்று கேட்டான்.

"பேச ஆள் இல்லைங்க."

குறை இன்னதென்று தெரிந்த பிறகு அதைத் தீர்க்காமல் விடுவது அன்புச்செல்வனின் பழக்கமில்லை. நாய் குரைக்கும். பூனை ஊர் சுற்றும். எலி கூண்டிலேயே இருக்கும், சத்தம் போடாது, இரண்டரை வருஷத்தில் காலமாகிவிடும். வளர்ப்புப் பிராணியிடம் அவன் எதிர்பார்த்த குணங்கள் எல்லாம் அதனிடம் இருந்தன.

"எலி வந்ததும் ஸ்கூலுக்கு வரலைன்னு சொல்லிடணும். சரியா?"

"சரிங்க" என்றாள் பிரேமலதா.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கத்துச் சந்தில் அவர்கள் இருந்த மாடி வீட்டுக்குச் சுஜா வந்தாள். கையில் இஞ்ச் டேப். கூடவே அவள் அம்மா அற்புதம்மாள். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, காபி கொண்டுவந்த பிரேமலதாவைப் பார்த்து, "சாப்டியாம்மா?" என்று கேட்டார். பிரேமலதாவுக்குப் பழக்கமில்லாத கேள்வி.

எலிக்காக அன்புச்செல்வன் காந்தி மார்க்கெட் பக்கம் வாங்கிவந்த கிளிக்கூண்டைச் சுஜா அளந்தாள்.

"இதுல திரும்பிப் படுக்கக்கூட இடமில்லையே சார். மாடி வச்ச கூண்டு வேணும். தொங்கிப் படுக்கத் துணித்தூளி வேணும்."

"வாங்கிடலாம் மேடம்."

"ஜன்னல் ஏன் ஆணி அடிச்சிருக்கு?"

"எதிர் மாடியில காலேஜ் பசங்க இருக்காங்க மேடம்."

"எலியப் பாப்பாங்களா?"

"இல்ல... பொதுவா."

"காத்து வரலைன்னா எலிக்கு மூச்சுக்கோளாறு வந்துடும் சார். தொறங்க."

அன்புச்செல்வன் கட்டிங் பிளேயர் எடுத்து ஆணிகளைப் பிடுங்கினான். இரண்டு வருஷமாக வெளியே காத்திருந்த காவிரிக் காற்று உள்ளே வந்து, காலண்டரைக் கீழே தள்ளியது.

"நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது எலிக்கு முடியாமப் போச்சுன்னா?"

"லதா எனக்குப் போன் பண்ணுவா."

"போன்ல ரீசார்ஜ் இல்லைங்க. மூணு மாசமாச்சு" என்றாள் பிரேமலதா.

"இவ யார்கிட்ட பேசப்போறான்னு விட்டுட்டேன் மேடம்."

சுஜா எழுதிக்கொண்டாள். "சரி, உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணுமே?"

"கதவு வெளியில பூட்டியிருக்கும்ங்க. சாவி இவங்க பையில இருக்கும்." இதையும் பிரேமலதாதான் சொன்னாள், சக்கரை போதுமா என்று கேட்கும் குரலில்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான் மேடம்..."

சுஜாவின் பேனா நின்றது. "எலிய உள்ள வச்சு இப்படிப் பூட்டிட்டுப் போறவங்களுக்கு நான் தரதில்ல சார்."

அன்புச்செல்வனின் மனக்கண்ணில் பிரேமலதாவோடு சமயபுரம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "மேடம், ஒரே வாரம் டயம் குடுங்க. எல்லாத்தையும் மாத்திடறேன்."

மாற்றினான். சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், உள்பக்கமும் திறக்கிற பூட்டு போட்டு, இரண்டாவது சாவி செய்தான். மனைவியின் போனுக்கு ரீசார்ஜ் செய்தான். ஆட்டோக்கார வீரமலையின் நம்பரைப் பிரிட்ஜ் மேல் ஒட்டினான். இரண்டு மாடிக் கூண்டு வந்தது. ஒவ்வொன்றையும் செய்யும்போது, எலிக்காகத்தானே என்று தேற்றிக்கொண்டான்.

"கல்யாணத்தப்போகூட என்னை யாரும் இத்தனை கேள்வி கேக்கலடி" என்றான், புதுப் பூட்டுக்கு எண்ணெய் விட்டபடி.

"ஆமாங்க. எங்கப்பா ஒண்ணுமே கேக்கலை."

அவள் அப்பா மருதை தொட்டியத்தில் வாழைக்காய் வியாபாரி. போன தீபாவளிக்கு முன்னால் பிரேமலதா ஒரு பையோடு அங்கே போய் நின்றாள். அவர் மறுநாளே ஒரு தார் பூவன் பழத்தோடு அவளைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். பழம் நன்றாக இருந்தது. அன்புச்செல்வன் அதை ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு சுஜா எலிகளோடு வந்தாள். வெள்ளையாய் இருந்ததன் பெயர் கல்கண்டு. முகம் மட்டும் கறுத்திருந்தது மிளகு. அவற்றின் நாலு தலைமுறைக்கு யார் யாருக்கு என்ன நோய் என்று அட்டவணையே இருந்தது. அன்புச்செல்வனுக்குத் தன் தாத்தாவின் பெயர் வரைதான் தெரியும்.

"தினமும் ஒரு மணி நேரம் கூண்டைவிட்டு வெளிய விடணும்" என்றாள் சுஜா.

"ஓடிடாதா மேடம்?"

"உள்ள நல்லா இருந்தா எதுக்கு சார் ஓடப்போகுது?"

பிறகு ஒப்பந்தம். ஒன்பது நிபந்தனை. அன்புச்செல்வன் வேலை பார்ப்பது கன்டோன்மென்டில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில். நிபந்தனைகளை யாரும் படிக்காத அளவுக்குப் பொடி எழுத்தில் அச்சடிக்கும் பிரிவு. ஆகவே படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

"பாத்துக்கப் போறவங்களும் போடணும்" என்று சுஜா தாளைப் பிரேமலதாவிடம் நீட்டினாள்.

அவள் படித்தாள். ஒன்பதாவதில் நின்று, வாய்விட்டுப் படித்தாள். "'இருக்கும் இடம் எந்தக் காரணத்தாலும் ஒத்துவராவிட்டால், வேறு எங்கும் விடாமல் எங்களிடமே திருப்பிக் கொண்டுவர வேண்டும். எந்த நாளும், எந்த நேரமும். ஏன் என்று கேட்க மாட்டோம்.'" மறுபடி ஒரு முறை, மனதுக்குள், படித்தாள்.

"எலிக்குப் போய் இவ்வளவா?" என்றான் அன்புச்செல்வன்.

"எங்க வீட்ல வளந்த உசுரு சார். குடுத்தாச்சுன்னு கையக் கழுவிட முடியுமா?"

"நெசமாவே ஏன்னு கேக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள் பிரேமலதா.

சுஜா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "கேக்க மாட்டோம்ங்க."

பிரேமலதா கையெழுத்துப் போட்டாள். சுருக்காமல், முழுப் பெயரும்.

"ஸ்கூலுக்குச் சொல்லிட்டியா?" என்று சாயந்தரம் அன்புச்செல்வன் ஞாபகப்படுத்தினான்.

"நாளைக்குக் காலையில சொல்லிடறேங்க." அவள் தோளில் மிளகு உட்கார்ந்து காதருகே எதையோ மோந்துகொண்டிருந்தது. பேச ஆள் கிடைத்துவிட்டது என்று அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

திங்கட்கிழமை மாலை ஆறரைக்கு வீடு திரும்பினான். கதவு பூட்டியிருந்தது. திறந்தான். ஜன்னல் திறந்திருந்தது. காலண்டர் மறுபடி கீழே விழுந்திருந்தது. மேசை மேல் இரண்டாவது சாவி. கூண்டு இருந்த இடத்தில் ஒரு பிடி காகிதத்தூள் மட்டும் கிடந்தது.

எலிக்கு உடம்புக்கு வந்துவிட்டது, டாக்டரிடம் ஓடியிருக்கிறாள் என்று முதலில் நினைத்தான். தன் ஏற்பாடு வேலை செய்ததில் சின்னப் பெருமைகூட வந்தது. அவளுக்குப் போன் செய்தான். அவன் ரீசார்ஜ் செய்து கொடுத்த போன், வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது.

வீரமலையைக் கூப்பிட்டான். "காலையிலயே மேலப்புதூர்ல எறக்கி விட்டேனே சார். கூண்டு ஒண்ணு, பை ஒண்ணு."

சுஜாவின் நம்பருக்கு அடித்தான். அற்புதம்மாள் எடுத்தார். பின்னால் இட்லிப் பாத்திரம் திறக்கும் சத்தமும் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டன.

"அம்மா, அன்புச்செல்வன் பேசறேன். எங்க வீட்டு எலி ரெண்டும் அங்க வந்துச்சா?"

"மூணு பேரும் பத்திரமா வந்து சேந்தாச்சு தம்பி. ஏன்னு நாங்க கேக்கலை."