சந்தேகக் குறி

"இன்னும் ஆங்கிலத்துலயே நிக்குதே தம்பி."

பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பறைக்குப் போகவேண்டிய தொடுதிரை அது. நோயாளி தன் அட்டையைச் செருகினால் வரிசை எண் கொடுக்கும். அதில் தோன்றும் வாசகங்களை எல்லாம் தமிழாக்கி அட்டவணை போட்டவள் இப்படிப் புலம்பிய அக்காதான். மென்பொருள் நிறுவனத்தில் தற்காலிக வேலை. இன்று அந்த மருத்துவமனையின் மருத்துவர் வந்து பார்த்துத் தலையாட்டினால் நிரந்தரம். உதட்டைப் பிதுக்கினால் நாளையிலிருந்து வீடு.

புரோகிராமர் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தான். "கம்பைல் பண்ணீங்களா அக்கா?"

மனுஷர் எழுதிய அட்டவணை இயந்திரத்துக்குப் புரியாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் அதற்குப் புரிகிற கோப்பாக மாற்றவேண்டும்.

"பண்ணினேன். பண்ணினேன்னுதான் நினைக்கிறேன்."

அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே சந்தேக அக்கா. அன்று காலையில்கூட வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டு, "அடுப்பை அணைச்சேனான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். "நீ எங்கே பத்த வச்சே? சமைச்சது நான்" என்றார் அவர்.

புரோகிராமர் அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "எல்லா வரியிலயும் சந்தேகக் குறி போட்டிருக்கீங்களேக்கா. குறி போட்ட வரியைக் கட்டளை கண்டுக்காம போயிடும்."

"சந்தேகம் இருந்துச்சு. போட்டேன்."

"'நன்றி'ங்கிறதுல என்ன சந்தேகம்?"

"பல்லு வலியோட வந்தவங்ககிட்ட நன்றி சொன்னா நல்லாவா இருக்கும்?"

மருத்துவர் வரும் நேரமாகிவிட்டது. சந்தேக வரிகளையும் சேர்த்துக்கொள்ளும்படி கட்டளையை மாற்றித் தட்டினான். திரை முழுக்கத் தமிழ். அக்காவுக்கு மூச்சு வந்தது. ஆசையாக அட்டையைச் செருகி எடுத்தாள்.

"உங்கள் பல் பிடுங்கப்பட்டது. நன்றி" என்றது திரை.

"அட்டை எடுக்கப்பட்டதுன்னுதானே வரணும்?"

"நேத்து சேர்ந்த புது வரிக்கா. ஆங்கிலத்துல ஜாடை ஒத்துப்போற பழைய வரியோட தமிழை எடுத்து கம்ப்யூட்டரே குறி போட்டு ஒட்டிக்கிச்சு. இதுவும் சந்தேகக் கணக்குல இருந்ததுதான். நாமதான் உள்ளே விட்டுட்டோம்."

அடுத்த பொத்தானை அழுத்தினாள். உட்கார்ந்து காத்திருக்கச் சொல்லவேண்டிய இடத்தில், "மயக்கம் தெளியும்வரை எழுந்திருக்க வேண்டாம்" என்று வந்தது.

இரண்டு வரியையும் அவசர அவசரமாகத் திருத்தினாள். அந்த அவசரத்தில் ஒரு மேற்கோள் குறியை மூட மறந்துபோனாள், பாவம். கட்டளை பிழை என்று சொல்லிப் படுத்துக்கொண்டது. புதுக்கோப்பு உருவாகவே இல்லை. திரையில் பழையபடி பல்லும் மயக்கமும்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் மருத்துவரை அழைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே மருத்துவரின் டிரைவர், கன்னத்தில் கைக்குட்டையை அழுத்தியபடி வந்து வாசலோரம் நின்றார்.

மருத்துவர் அட்டையைச் செருகினார், எடுத்தார், படித்தார். முகத்தில் ஈ ஆடவில்லை.

"இது யார் எழுதினது?"

மேலாளர் வியர்வையைத் துடைத்தார். அக்கா எழுந்து நின்றாள். "நான்தாங்க டாக்டர்."

"இந்த வரி சரின்னு உங்களுக்குப் பட்டுதா?"

"இல்லைங்க. சந்தேகக் குறி இருந்துச்சு. இன்னைக்குத்தான் அதை மீறிட்டோம்."

"இந்த ஒரு வரிக்கு மட்டுமா?"

"எல்லா வரிக்கும் இருந்துச்சுங்க. நன்றிக்குக்கூட."

மருத்துவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திரையை இன்னொரு முறை படித்தார். பிறகு மேலாளரிடம் திரும்பினார். "இவங்களை நிரந்தரமாக்குங்க. குறி போட்டதையெல்லாம் நிதானமா பார்த்து முடிக்கட்டும், நான் காத்திருக்கேன். எங்க ஆஸ்பத்திரிக்கு இவங்கதான் எழுதணும்."

மேலாளருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அக்காவுக்கோ, காதில் விழுந்தது சரிதானா என்றே சந்தேகம். மெல்ல நகர்ந்து வாசலுக்கு வந்து டிரைவரிடம் கேட்டாள். "அண்ணே, உங்க டாக்டர் நிஜமாத்தான் சொல்றாரா?"

டிரைவர் கைக்குட்டையைக் கொஞ்சம் விலக்கினார்.

"நிஜந்தாம்மா. போன மாசம் அவருக்கும் இப்படி ஒரு சந்தேகம் வந்திருந்தா, வலிக்கிற பல்லை விட்டுட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கியிருக்க மாட்டாரு."