என்னைப் பொலிஸ் பிடித்த கதையும் ஈயமில்லாத கேப்பும்

அல்பெர்கேரியா,
பலெர்மோ.

பேரன்பும் மதிப்பும் நிறைந்த அத்தான் இராஜநாயகம் அவர்கள் அறிய, மைத்துனன் லூர்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் கத்தரீனாவும் மகள் தர்சனாவும் சுகமாயிருக்கிறோம். தங்களுடைய சீனி வருத்தம் இறங்கியிருக்கும் என்றும், அக்காவின் முழங்கால் அவவின் சொல்லுக்குக் கட்டுப்படத் தொடங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன்.

நிற்க. நான் இத்தாலியில் துவக்கு ரவை செய்து பிடிபட்டு மறியலில் கம்பி எண்ணிக்கொண்டு இருப்பதாக எங்கள் ஊர் பேசாலை முழுக்கக் கதை உலாவுகிறதாம். அதை வட்ஸ்அப்பில் போட்டவன் இங்கேயிருக்கும் றெஜி. பஸ்ஸுக்குள் இருந்தபடி, நான் பொலிஸ் காரில் ஏறுவதை அவன் கண்டது உண்மை. மிச்சமெல்லாம் அவனுடைய சொந்தச் சரக்கு. தர்சனாவைக் கேட்டு வந்த மாப்பிள்ளை பகுதி இரண்டு கிழமையாக வாய் திறக்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஞாயிறு பூசை முடிந்து சனம் நிற்கும்போது தாங்கள் இதை உரத்து வாசிக்க வேண்டும்.

நான் வேலை செய்யும் வீடு பொலித்தியாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில். இளைப்பாறிய இன்ஜினியர் ஐயா, அவருடைய மனைவி சிஞ்ஞோரா, ஒரு வெள்ளைக் குட்டி நாய், நான், இவ்வளவுதான் வீடு. சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்துக்குள்ளே போய்க் கடதாசி வட்டத்துக்குச் சுடுவது ஐயாவின் பொழுதுபோக்கு. லைசென்ஸ் எல்லாம் இருக்குது, அத்தான். சுட்ட ரவையளின்ரை வெறும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, குசினிக்குப் பின்னாலை இருக்கிற அறையிலை திரும்ப மருந்தடைச்சு ரவையாக்குவார். செய்யிறது அவர். கோதுகளை மிசினிலை போட்டுக் குலுக்கி மினுக்கிறதும், அந்தத் தூசியைக் கூட்டி அள்ளுறதும் நான். குண்டுக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தவனுக்கு வாய்ச்ச உத்தியோகத்தைப் பாருங்கோ.

ரவையின்ரை அடியிலை பருப்பளவிலை ஒரு கேப்பு இருக்கும். துவக்கு ஊசி அதிலை குத்தினாத்தான் உள்மருந்து பத்தும். பழைய கேப்பிலை ஈயம் கிடக்கு, சுடேக்கை புகையாய் வரும், கோதிலை கரியாய் ஒட்டும். இதை எனக்கு ஆர் சொன்னது? ஒருத்தரும் இல்லை. நாலு வருசமாய்க் கூட்டினனான். போன மாசம் சிஞ்ஞோரா ஏதோ சஞ்சிகையிலை வாசிச்சிட்டு, "ஈயம்! வீட்டுக்குள்ளை ஈயம்!" எண்டு கத்திக்கொண்டு நாயைத் தூக்கி மிருக வைத்தியரிட்டை ஓடினா. நாயின்ரை இரத்தம் சுத்தமாம். எண்டாலும் அண்டைக்கே வீட்டிலை சண்டை.

"இனி ஈயமில்லாத கேப்புத்தான் வாங்கவேணும்," எண்டா சிஞ்ஞோரா.

"அது ஈரம் பட்டால் படுத்திடும். நாள் போனால் வெடிக்காது. விலையும் கூட. பழசு ஐம்பது வருசமாய் என்னைக் கைவிடேல்லை."

"அப்ப அதோடையே போய்ப் படுங்கோ!"

ஐயா இன்ஜினியரல்லோ. சாப்பாட்டு மேசையிலை ரண்டு பெட்டியையும் வைச்சு, ஒரு தாளிலை நடுக்கோடு கீறி, ஒரு பக்கம் நம்பிக்கை, விலை எண்டும், மற்றப் பக்கம் காற்று, நாய் எண்டும் எழுதினார். கோப்பி குடுக்கேக்கை எட்டிப் பாத்தனான். என்ரை பேர் ரண்டு பக்கத்திலையும் இல்லை.

இதைக் கத்தரீனாவுக்குச் சொன்னன். "நாய்க்குப் பாத்தாச்சு, மனுசனுக்கு எப்ப பாக்கிறது?" எண்டு என்னை இழுத்துக்கொண்டு போனா. டொத்தோரே இரத்த ரிப்போட்டைப் பாத்து, "பற்றறிப் பட்டறையிலையோ வேலை?" எண்டார். "இல்லை, வீட்டு வேலை," எண்டன். ஈயம் கூடிப்போச்சாம். ரிப்போட்டைச் சிஞ்ஞோராவிட்டைக் காட்டினன். பாவம், உண்மையிலையே அழுதா. என்ரை கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் விட்டிட்டு, "லூர்து, இனி நீ நாயைத் தூக்காதை," எண்டா.

ஐயாவோ, "விஞ்ஞானப்படி முடிவெடுப்பம்," எண்டு அந்தச் சனிக்கிழமை என்னையும் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஈயமுள்ளது ஐம்பது, இல்லாதது ஐம்பது. எத்தினை வெடிச்சுதெண்டு எண்ணிக் கொப்பியிலை கோடு போட நான். பழசு ஐம்பதும் வெடிச்சுது. புதுசிலை மூண்டு வெடிக்கேல்லை. ஐயாவுக்குச் சந்தோசம் பிடிபடேல்லை. நாலாவதுக்கும் விசையை இழுத்தார், சத்தமில்லை. துவக்கின்ரை வாய் தன்பாட்டிலை மேலை கிளம்ப, முகத்தை என்ரை பக்கம் திருப்பி, "பாத்தியே லூர்து, நான் அப்பவே..." எண்டார். படுத்த கேப்பு பிந்திப் பத்தி, மிச்சத்தைத் துவக்குச் சொல்லிச்சுது. மேலை தொங்கின விளக்கு தூள் தூளாய்ப் போச்சு. மண்டபக்காரர் பொலிசைக் கூப்பிட்டினம். மற்ற எல்லாரும் பத்திரம் காட்டிச்சினம், இஞ்சை இருக்கிறதுக்கு எனக்குத் தந்த பெர்மெஸ்ஸோ அட்டை வீட்டிலை மற்றக் காற்சட்டைக்குள்ளை. விளக்கை உடைச்ச ஐயா வீட்டை போனார், கோடு போட்ட நான் பொலிஸ் காரிலை ஏறிக் குவெஸ்தூரா எண்ட தலைமைப் பொலிஸ் நிலையத்துக்குப் போனன்.

"நீ சுட்டனியோ?"

"இல்லை, கோடு போட்டனான்."

ரண்டு மணித்தியாலத்திலை என்ரை பேரைக் கம்பியூட்டரிலை கண்டுபிடிச்சு, கோப்பியும் தந்து விட்டிட்டாங்கள். அந்தப் பொலிஸ்காரனும் சுடுற பைத்தியமாம். வாசல்மட்டும் வந்து, "உள்ளதைச் சொல்லு, எந்தக் கேப்புத் திறம்?" எண்டு கேட்டான்.

"சுடுறவருக்குப் பழசு, கூட்டுறவனுக்குப் புதுசு," எண்டன்.

திங்கட்கிழமை போனால், ஐயா தாளைக் காட்டினார். முடிவு பழசுதானாம். எனக்கு ஒரு முகமூடி வாங்கித் தாறாராம். கூட்டுற தும்புத்தடியைச் சுவரிலை சாத்திப்போட்டு, "சிஞ்ஞோரே, நான் போறன்," எண்டிட்டு வந்திட்டன். இதுதான், அத்தான், நான் பிடிபட்ட கதை முழுக்க. நான் ரவை செய்யேல்லை, சுடேல்லை, மறியலுக்குப் போகேல்லை, இனித் துவக்கிருக்கிற வீட்டுப் படி ஏறவும் மாட்டன். ஊரிலை ஒரு சனம் பாக்கியில்லாமல் இதைத் தெரியப்படுத்துங்கோ.

மடு மாதா தங்கள் வீட்டாரையும், தங்கள் வீட்டு ஆடு கோழிகளையும், றெஜியின்ரை வாயையும் காத்தருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
சூ. லூர்து

பின்குறிப்பு: அத்தான், இதை ஒட்டப் போகேக்கை மாப்பிள்ளையின்ரை தகப்பன் இராசரத்தினம் மன்னாரிலையிருந்து போன் எடுத்தார். என்னை விட்ட கதையைக் கத்தரீனா போனிலை ஆருக்கோ சொல்லி, அது அவரிட்டைப் போய்ச் சேர்ந்திருக்கு. குரலைத் தாழ்த்தி, "அண்ணை, நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம், எனக்கு எல்லாம் தெரியும். பொலிஸ் பிடிச்சு ரண்டு மணித்தியாலத்திலை கோப்பி குடுத்து அனுப்பினதெண்டால் நீங்கள் சும்மா ஆளே! இவ்வளவு நாளும் வீடு கூட்டுறவர் எண்டெல்லோ நினைச்சம்," எண்டார். வைகாசியிலை கலியாணம். ஆகையால் மேலை எழுதின ஒரு வரியையும் ஒருத்தருக்கும் வாசிச்சுக் காட்டவேண்டாம். ஆரும் கேட்டால் ஒண்டும் பேசாமல் மெல்லச் சிரியுங்கோ. ஈயமில்லாத கேப்பெண்டால் வாறன் எண்டு ஐயாவுக்கும் சொல்லிப்போட்டன், அவரும் ஓமெண்டிட்டார், திங்கட்கிழமை திரும்ப வேலை. நான் துவக்கோடை நிக்கிற படம் ஒண்டு சம்பந்தி பகுதிக்கு அவசரமாய் வேணுமாம்.