டோக்கனைக் கூப்பிட்ட குரல்

அன்பு ஒரு பங்கும் அதட்டல் மூன்று பங்குமாகக் கலந்து செய்யப்பட்ட என் அருமை அத்தை அவர்களுக்கு,

உங்கள் வாலு எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், அம்மா நலம், அப்பா நலம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நலம். இந்த வரிசையில் ஒருவர் விடுபட்டிருப்பது உங்கள் கண்ணில் உடனே பட்டிருக்கும். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவருக்கு, வரிசையில் யார் குறைகிறார் என்று நான் சொல்லியா தர வேண்டும்? போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். நீங்கள் "ஹலோ" என்றதும், "இங்க நல்ல வெயில் அத்தை" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் தள்ளிவிட்டேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அம்மா உங்களைப் பார்க்க வரும்போது அவர் பையில் இந்தக் கடிதமும் வருகிறது. தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

அந்த ஆஸ்பத்திரியை மூடியபோது ஆளுக்கொரு நாற்காலி, மின்விசிறி என்று தூக்கிக்கொண்டு போக, நீங்கள் மட்டும் மேசையோரக் கண்ணாடித் தொட்டியிலிருந்த ஆரஞ்சு மீனை ஒரு பாட்டிலில் விட்டு எடுத்து வந்தீர்கள். காலையில் முதல் ஆளை "அடுத்த டோக்கன், உள்ள வாங்க!" என்று கூப்பிடும்போதே அதற்கும் ஒரு சிட்டிகை தீனி போட்டுப் பழக்கிவிட்டீர்களாம். அந்தக் குரலைக் கேட்டால் போதும், அடித்தரையில் கிடந்தாலும் மேலே வந்து வாயை ஆவென்று திறக்கும். "பல்லே இல்லாத என் ஒரே பேஷண்ட்" என்பீர்கள். அதன் பெயரும் டோக்கன் என்றே ஆகிவிட்டது. புது ஊர், புது வேலை, விடுதி அறையில் மீன் வைக்கக் கூடாது என்றதும் என்னைக் கூப்பிட்டு, "என் கேமராவை நீ வெச்சுக்கோ. டோக்கனை நீ பாத்துக்கோ. அது இருக்கிற மாடித் தொட்டி மேல எப்பவும் வலை இருக்கணும்" என்றீர்கள். மூன்றே வாக்கியம். அதில் ஒன்றை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறேன். கேமராவை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பள்ளிக் கண்காட்சிக்குப் 'பறவையும் இரையும்' என்று தலைப்புக் கொடுத்தார் ஃபோகஸ் சார். (படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கும் சார். கண்ணாடியைக் கழற்றினால் அவருக்கே எதுவும் ஃபோகஸ் ஆகாது.) வாய்க்கால் கரையில் ஒரு வாரம் தவம் கிடந்தேன் அத்தை. என் படங்களில் கரண்ட் கம்பி இருந்தது, தண்ணீர் வட்டம் இருந்தது, என் கட்டை விரல்கூட இருந்தது, மீன்கொத்தி மட்டும் இல்லை. மனசு விட்டுப்போய் மாடிக்கு வந்தால், அந்த மகாராணி நம் வீட்டுத் துணிக்கொடியில் உட்கார்ந்து நம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்! நீல முதுகு, வெள்ளை மார்பு, இரவல் வாங்கி மாட்டியதுபோல ஒரு பெரிய சிவப்பு அலகு. 'படத்தில் வலை அசிங்கமாகத் தெரியுமே, ஒரே நிமிஷம்' என்று நைசாக வலையை உருவிவிட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் பதுங்கினேன். தொட்டியில் இருந்ததே இரண்டு பேர். ஒன்று டோக்கன், இன்னொன்று கீழ்வீட்டுக் கண்டக்டர் மாமாவின் மீன். அவர் கண்ணாடித் தொட்டி விரிசல் விட்டதால், சரியாகும்வரை நம்மிடம் குடியிருந்தது. இரண்டும் ஒரே நிறம், ஒரே விரல் நீளம், டோக்கனுக்கு வாலில் ஒரு வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டும் உடைந்த பூந்தொட்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. மீன்கொத்தி கிளம்பிவிடும்போல இருந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்த நாளெல்லாம் நல்ல நாள் அத்தை.

போனில் உங்கள் குரலில் பேசி அப்பாவை வெறும் வயிற்றோடு பல் பிடுங்க வரவழைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அதே குரலை எடுத்தேன். "அடுத்த டோக்கன், உள்ள வாங்க!"

ஆரஞ்சாக ஒன்று சரசரவென்று மேலே வந்தது. கொடி ஆடியது. நான் கையைத் தட்டியிருந்தால் போதும், பறவை விலகியிருக்கும். எனக்கும் அது தெரியும். ஆனால் இரண்டு கையிலும் கேமரா இருந்தது. கை தட்டவில்லை, பட்டனைத் தட்டினேன்.

கலங்கிய தண்ணீரை எட்டிப் பார்த்தால், பூந்தொட்டிக்கு அடியில் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. உங்கள் குரலில் கூப்பிட்டேன், அசையவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கெஞ்சிக்கூடப் பார்த்தேன். டோக்கனாக இருந்தால் வந்திருக்காதா? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வலையைத் திரும்பப் போட்டதோடு சரி, அதற்குப் பிறகு தொட்டிக்குள் எட்டிப் பார்க்கவே மனசு வரவில்லை.

படம் எப்படி வந்திருக்கிறது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. ஒவ்வொரு நீர்த்துளியும் தனித்தனியாகத் தெரிகிறது. வால் மட்டும் தெறிப்பில் மறைந்துவிட்டது. மீனின் வாய் திறந்திருக்கிறது அத்தை. நீங்கள் கூப்பிட்டதற்கு "இதோ வந்துட்டேன்" என்று சொல்வதுபோல.

ஃபோகஸ் சார் படத்தை மூக்கில் இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நேரம்மா காத்திருந்தே?" என்றார். "நான் காத்திருக்கல சார், கூப்பிட்டேன்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அப்போ இது வேட்டை இல்லம்மா, விருந்து" என்றார். படத்தைக் கண்காட்சியிலிருந்து நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவுக்கு விஷயம் தெரியாது. "ஏண்டி, படம் இவ்வளவு அழகா இருக்கு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்கிறார். வீட்டில் இப்போது யார் குரலிலும் நான் பேசுவதில்லை. என் குரலிலேயே ரொம்பப் பேசுவதில்லை. அப்பா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. அது உங்களை நம்பித்தான் மேலே வந்தது. கேமராவையும் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். திருப்பித் தராதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், புது ஆஸ்பத்திரியிலும் உங்கள் அதட்டல் ஓங்கட்டும், என்னை மட்டும் கொஞ்ச நாளைக்கு அதட்டாமல் இருக்காதீர்கள்.

இப்படிக்கு,
வால் நறுக்கப்பட்ட உங்கள் வாலு

பின்குறிப்பு: அத்தை, நில்லுங்கள், அழாதீர்கள்! இன்று காலை அம்மா துணி காயப்போட்டபடி போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டி விளிம்பில் வைத்திருந்தார். நீங்கள், "அண்ணி, என் ஆளு எங்க? அடுத்த டோக்கன், உள்ள வாங்க!" என்றீர்களே, பூந்தொட்டிக்கு அடியிலிருந்து வாலில் வெள்ளைப் பொட்டோடு ஒருவர் ஜம்மென்று எழுந்து வந்து, போனைப் பார்த்து வாயைத் திறந்தார். சாட்சாத் டோக்கன்! நடுவில் உங்களுக்கு டமால் என்று கேட்டிருக்குமே, அது நான் வாளியில் இடறி விழுந்தது. ஆக, என் குரலை டோக்கன் ஒருநாளும் நம்பவில்லை. கெஞ்சியபோதும் நம்பவில்லை. நம்பி மேலே வந்தது கண்டக்டர் மாமாவின் மீன். பாவம், "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று யார் கத்தினாலும் கிளம்பிவிடுகிற வளர்ப்பு. வலையைக் கட்டிவிட்டேன், இரட்டை முடிச்சு. மாமா புதுத் தொட்டியோடு திங்கட்கிழமை மீனை எடுக்க வருகிறார். ஆகவே படித்ததும் இந்தக் கடிதத்தை அம்மாவிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தனுப்புங்கள். இதைவிட நன்றாக எனக்கு மன்னிப்புக் கேட்க வராது. மேலே 'அத்தை' என்பதை அடித்துவிட்டு 'மாமா' என்று எழுதிக்கொள்கிறேன். கேமராவையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். அதை மாமாவிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.